மலைக்கோட்டைப் படிகளில் காற்றழுத்தம் அளப்பது எப்படி?

நம் தலைக்கு மேல் நிற்கும் காற்றின் எடையே காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது சராசரியாக 1013 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). மேலே ஏற ஏற, நமக்கு மேலிருக்கும் காற்று குறைவதால் அழுத்தமும் குறைகிறது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் அக்காள் கணவர் பெரியே, 1648-இல் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலையில் ஏறி இதைக் காட்டினார். வயலும் வாய்க்காலுமாய்ச் சமதரையாகக் கிடக்கும் காவிரி டெல்டாவின் தலைமாட்டில், நமக்கு ஏறக்குறைய 83 மீட்டர் உயரமுள்ள திருச்சி மலைக்கோட்டை இருக்கிறது, அது போதும்.

முதலில், ஒரு கண்ணாடி பாட்டிலில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கேசரிப் பவுடர் சிறிது கலக்கவும். பிளாஸ்டிக் பாட்டில் நசுங்குமாதலால் உதவாது. மூடியில் துளையிட்டு, மெல்லிய சலைன் டியூப்பை அதன் நுனி தண்ணீரில் முழுகும்படி செருகி, துளையைச் சுற்றி எம்-சீல் வைத்துக் காற்று கசியாமல் அடைக்கவும். டியூப்பின் மேல்பகுதியை ஒரு குச்சியில் நேராகக் கட்டி, மெதுவாக ஒருமுறை ஊதினால், உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரை மூடிக்கு மேலே தள்ளி நிறுத்தும்.

அடுத்தது வெப்பம்; பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானாலே அதன் அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் கூடிவிடும். முதல்முறை நான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஏறியதில், தாயுமானவர் சன்னதி வருவதற்குள் தண்ணீர் டியூப்பின் வாய்வழியே வழிந்து சட்டையை நனைத்தது. அது உயரத்தின் வேலையன்று, உள்ளங்கைச் சூட்டின் வேலை. ஆகவே, நிழலில் வைத்த தண்ணீர் நிறைந்த தூக்குவாளிக்குள் பாட்டிலைக் கழுத்தளவு இறக்கி, கால் மணி நேரம் கழித்து, அடிவாரத்தில் நீர்மட்டத்தைப் பேனாவால் குறிக்கவும்.

பிறகு வாளியோடு படியேறி, உச்சிப்பிள்ளையார் சன்னதிக்கு வெளியே நிழலில் வைத்து மீண்டும் குறிக்கவும். நம் ஊர் வெயிலில் சுமார் 9 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும்; ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீர். வெளியே அழுத்தம் குறையும்போது பாட்டிலில் அடைபட்ட காற்று நீரை டியூப்பில் மேலே தள்ளும்; எனவே நீர்மட்டம் 9 சென்டிமீட்டர் உயர வேண்டும். நீர் ஏறும்போது உள்ளிருக்கும் காற்று சற்றே விரிவதால் 8 கிடைத்தாலும் கணக்கு சரியே. ஆனால் இதே விகிதத்தை ஊட்டி வரை நீட்டக் கூடாது: மேலே காற்று அடர்த்தி குறைந்துபோவதால், ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய இன்னும் அதிகம் ஏற வேண்டும்.

இறங்கியதும் அடிவாரத்தில் மறுபடி பார்க்கவும். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள், நின்ற இடத்திலேயே அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்குவது நம் பகுதியில் அன்றாட வழக்கம். பழைய கோட்டுக்கு நீர் திரும்பாவிட்டால், இரண்டு அடிவார அளவுகளின் சராசரியிலிருந்து உச்சி அளவைக் கணக்கிடவும்.