மாதிரி கேட்டால் கவிதையை அனுப்பாதீர்கள்

எழுத்து வேலை கேட்டு முதன்முதலாக ஒரு கம்பெனிக்கு நான் அனுப்பிய மாதிரி, என்னுடைய ஆறு கவிதைகள். அவர்கள் விற்றது தண்ணீர் மோட்டார். பதில் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம். நான் நன்றாக எழுதுகிறேனா என்பது அவர்கள் கவலையே இல்லை, எங்கள் மோட்டாரைப் பற்றி விவசாயிக்குப் புரிகிற மாதிரி இந்த ஆளால் நாலு பத்தி எழுத முடியுமா என்பதுதான் கவலை. இது உறைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

அதனால் வேலை தேடுவதற்கு முன்பு மாதிரிகளைத் தயார் செய்யுங்கள். ஒருவரும் வேலை தராதபோது மாதிரிக்கு எங்கே போவது என்றால், நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவமனைகளைப் பிடிக்க நினைத்தால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு பக்கத் துண்டறிக்கை. யூடியூப் சேனல் என்றால் ஐந்து நிமிட ஸ்கிரிப்ட், அதையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து மூச்சு முட்டுகிற வாக்கியங்களை வெட்டிவிட்டு. மொழிபெயர்ப்பு என்றால் ஆங்கில மூலம் இடப்பக்கம், தமிழ் வலப்பக்கம். ஒத்துப் பார்க்கிறவருக்கு அதைவிட வசதி கிடையாது. மேலே 'பயிற்சிக்காக எழுதியது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஏதாவது பெரிய கம்பெனிக்கு வேலை செய்தது போலக் காட்டிக்கொண்டால் ஒரே போனில் குட்டு உடைந்துவிடும்.

மூன்று மாதிரி போதும். பதினைந்து அனுப்பினால் வேலை தருபவர் திறக்கப்போவது அதில் ஆக மோசமான ஒன்றை, அது என்ன ராசியோ தெரியவில்லை. ஒவ்வொன்றின் தலைப்புக்குக் கீழும் யாருக்காக, எதற்காக எழுதியது என்று ஒரு வரி இருக்கட்டும். கோப்புக்கு 'ஃபைனல் 2 புதியது' என்றெல்லாம் பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் பொருளையும் வையுங்கள். கூகுள் டாக்ஸ் இணைப்பு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று வேறொரு போனில் திறந்து பாருங்கள், அனுமதி கேட்டு நிற்கிற பக்கத்தைப் பார்த்ததும் அவர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பதிப்பகங்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம்: யூனிகோடில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், பழைய எழுத்துருவில் அடித்தது அங்கே புரியாத குறிகளாகத் தெரியலாம். ஒற்றுப் பிழையையும் சொற்பிழையையும் இரண்டு முறை பாருங்கள். 'முயன்றார்' என்பதற்குப் பதில் 'முயற்சித்தார்' என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிற பதிப்பாசிரியர்களை எனக்குத் தெரியும்.

வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுத்ததை மாதிரியாகக் காட்டலாமா? கேட்காமல் காட்டாதீர்கள். நாம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் இல்லை என்பதால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக உரிமை முதலில் எழுதியவருக்குத்தான், அதை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்து வேண்டும். ஆனால் ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் அது தனிக் கட்டு. வேலை ஒப்புக்கொள்ளும்போதே 'இதிலிருந்து ஒரு பக்கத்தை மாதிரியாகக் காட்டிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி வாங்கிவிடுவது சுலபம். முடிந்த பிறகு கேட்டால் இழுப்பார்கள்.

சரி, வேலை எங்கே இருக்கிறது? எல்லோரும் ஃபைவர், அப்வொர்க் என்று ஆன்லைனில் வேலை பிடித்துத் தரும் தளங்களுக்குத்தான் ஓடுகிறார்கள். ஃபைவரில் நம் சம்பாத்தியத்தில் 20 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அங்கே தமிழ் எழுத்துக்கு வரும் ஆட்களும் குறைவு. எனக்குச் சோறு போட்டது பக்கத்தில் இருந்த வேலைதான்: பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், தொண்டு நிறுவன அறிக்கை, நகைக்கடை விளம்பரம். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால் அதற்கு முந்தைய சில மாதங்கள் பதிப்பகங்களில் மெய்ப்புக்கும் (அச்சுக்கு முன் பிழை திருத்துவது) மொழிபெயர்ப்புக்கும் ஆள் தேடுவார்கள். ஆகஸ்டிலேயே போய் முகத்தைக் காட்டிவிடுங்கள், டிசம்பரில் போனால் டீ கொடுத்து அனுப்புவார்கள்.

கேட்கிற விதமும் முக்கியம். 'எனக்கு எழுத்தில் ஆர்வம் அதிகம்' என்று ஆரம்பிக்கும் மெயிலை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம் சார். உங்கள் தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் வாரண்டி பகுதி மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதில் முதல் பத்தியைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிடித்திருந்தால் மீதியையும் இரண்டு நாளில் தருகிறேன்.' அவ்வளவுதான். மாதிரியும் விண்ணப்பமும் ஒன்றாகிவிட்டன.

பரீட்சை எழுதச் சொன்னால் இருநூறு சொல் வரை எழுதிக் கொடுங்கள். ஒரு அத்தியாயம் முழுக்கக் கேட்டால் காசு கேளுங்கள். ஒருமுறை எனக்கும் என் தோழிக்கும் ஒரே புத்தகத்தின் அடுத்தடுத்த அத்தியாயங்கள் 'தேர்வுக்காக' வந்தன, இன்னும் எத்தனை பேருக்குப் போனதோ. அப்புறம், தட்டச்சு வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

மொழிபெயர்ப்புக்குக் கூலி பேசும்போது எந்த மொழியின் சொற்களை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள், இதில்தான் புதியவர்கள் ஏமாறுவது. ஐ வில் நாட் பி ஏபிள் டு கம் என்பது ஆங்கிலத்தில் ஏழு சொல். தமிழில் 'என்னால் வரமுடியாது', இரண்டு. ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் உள்ள கட்டுரை தமிழில் பெரும்பாலும் எழுநூறு, எண்ணூறில் முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டால் கால்வாசிக் கூலி அங்கேயே போய்விடும். மூலச் சொல் கணக்கில் பேசுங்கள்.

வேலை தருபவர் புது ஆள் என்றால் பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியிடமிருந்து வரும் தொகை ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000), பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், நிறையப் பேர் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுகிறார்கள். உத்யம் என்பது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அது இலவசம், ஆன்லைனிலேயே முடியும். பதிந்திருந்தால் பணம் தருவதற்கான கெடு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்த பிறகு எனக்கு 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பதில் கணிசமாகக் குறைந்திருக்கிறது.