முதல் மீன் தொட்டி: மீன் கடைசியில்தான்

சென்னை கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடைக்குள் நுழைந்தால் தொட்டி, கல், பம்ப், மீன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிடத் தோன்றும். மீனைத் தவிர மற்றதை வாங்கி வாருங்கள். மீனுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காரணம் மூன்றாவது படியில்.

படி 1: தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். அழகாக இருக்கிறதே என்று உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் கழிவு சீக்கிரம் ஏறிவிடும். 2 அடித் தொட்டி நிறைந்தால் தண்ணீரே 50 லிட்டருக்கு மேல். அதனால் பிளாஸ்டிக் மேசை தாங்காது. அடியில் தெர்மாக்கோல் அட்டை போட்டு, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் வேண்டாம்.

படி 2: ஃபில்டரும் தண்ணீரும்

கடையில் தண்ணீருக்குள் மூழ்கும் மோட்டார் ஃபில்டரைக் காட்டுவார்கள். என் ஓட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குத்தான். விலை குறைவு, குஞ்சு மீனை உறிஞ்சாது, பிழிந்து கழுவினால் வேலை முடிந்தது. அதை ஓட்டும் ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். மேலே வைக்க இடமில்லையென்றால் டியூபின் நடுவில் ஒருவழி வால்வு மாட்டிவிடுங்கள்.

கல்லைக் கலங்கல் போகும்வரை அலசிப் போட்டு, தண்ணீர் ஊற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம். அளவு பாட்டிலிலேயே இருக்கும். உப்பு கரிக்காத போர் தண்ணீர் கப்பி, மோலி, பிளாட்டி மீன்களுக்கு ஒத்துவரும், அவை கடினநீரைத் தாங்கும். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம், அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் அநேகமாக இருக்காது.

படி 3: காத்திருப்பது

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். புதுத் தொட்டியில் விட்ட மீன் முதல் வாரமே மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'நோஞ்சான் மீன்' என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகட்டும். கொஞ்சம் வாடை வரும், வீட்டில் திட்டு விழும், பரவாயில்லை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்குங்கள். காகித ஸ்ட்ரிப் எனக்குப் பிடிக்காது; பல ஸ்ட்ரிப்களில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருப்பதில்லை.

இப்போது கவனம். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு சரசரவென்று இறங்கிப் பூஜ்ஜியம் காட்டும். 'சரி, முடிந்தது' என்று மீன் வாங்கக் கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில்தான் நைட்ரைட் உச்சத்தில் இருக்கும், அதைத் தின்னும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். வழக்கம்போல் தீனி போட்டுவரும்போதே அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து சில நாள் பூஜ்ஜியம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால்தான் தொட்டி தயார்.

குறுக்குவழி ஒன்று உண்டு. நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காயவிடாமல், தொட்டித் தண்ணீரோடு கொண்டுவந்து போட்டால் காத்திருப்பு நன்றாகவே குறையும். ஆனாலும் டெஸ்ட் செய்யாமல் மீன் விடக்கூடாது.

படி 4: மீன்

பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, முதலில் ஐந்தாறு ஆண் கப்பி போதும். பெண்ணையும் சேர்த்தால் மாதாமாதம் குஞ்சுதான், யாருக்குக் கொடுப்பது என்று தெருவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்குப் பெரிது. பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: 'மாதக்கணக்கில் நன்றாக இருந்த தொட்டியில் திடீரென்று மீன் சாகிறது' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். விசாரித்தால் ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். குளோரின் தண்ணீரில் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே நாலு பிழி பிழிந்தால் போதும், பளிச்சென்று ஆக வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி, கரண்ட் கட். ஓரிரு மணி நேரத்துக்குக் கவலை வேண்டாம். அதற்கு மேல் அடிக்கடி போகிற ஊர் என்றால் யூஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், செல்போன் பவர் பேங்கிலேயே ஓடும்.