வேர் மூடாத முன்பல்லைக் காப்பாற்ற: ஸ்டெம் செல்லை உள்ளே வரவழைக்கும் முறை

எட்டு வயதுப் பிள்ளை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விழுந்து மேல் முன்பல்லை உடைத்துக்கொள்கிறது. வலி அடங்கியதும் வீட்டில் மறந்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து ஈறில் சீழ்க்கட்டியோடு கூட்டி வரும்போது பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் கொண்ட திசு) செத்திருக்கும். வேர் நுனியோ இன்னும் மூடியிருக்காது. பல் முளைத்து ஏறக்குறைய மூன்று ஆண்டுக்குப் பிறகே அது மூடும். வழக்கமான ரூட் கனால் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்தால் வேரின் மெல்லிய சுவர் மெல்லியதாகவே நின்று, பின்னொரு நாள் பல் ஈறோரக் கழுத்தில் முறியும்.

வேர் நுனித் திசுவில் ஸ்டெம் செல்கள் (புதுத் திசுவாக வளரக்கூடிய மூலச் செல்கள்) இருப்பதை 2006இல் காட்டினார்கள். கூழ் அழுகினாலும் சுற்றிலுமிருந்து இரத்தம் கிடைப்பதால் அவை பெரும்பாலும் பிழைத்திருக்கும். அவற்றைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்வதுதான் பல் மருத்துவரின் வேலை.

முதல் நாள் ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரிக்கும் ரப்பர் விரிப்பு) போட்டுப் பல்லைத் திறந்தபின் ஃபைலால் (வேர்க்குழாயைச் சுரண்டும் மெல்லிய கம்பி) சுவரைச் சுரண்டாதீர்கள். கழுவுவதுதான் முக்கியம். 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (கிருமிநாசினி திரவம்) அதே அளவு ஸ்டெரைல் தண்ணீர் கலந்தால் 1.5 சதவீதம் கிடைக்கும். அதில் 20 மி.லி., 5 நிமிடம், பக்கத்துளை ஊசியால், வேர் நுனிக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்தி மெதுவாக. அழுத்தினால் திறந்த நுனி வழியே வெளியேறி முகம் வீங்கிவிடும். செறிவைக் கூட்டினால் நாம் நம்பியிருக்கும் செல்களே சாகும். பிறகு சலைன் (உப்புநீர்) 20 மி.லி. உலர்த்தி, கிருமியைக் கொல்லும் மருந்தாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வையுங்கள். அதற்குப் பதில் மூன்று ஆன்டிபயாடிக் கலந்த பசைதான் வேண்டுமென்றால் மி.லி.க்கு 1 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதிலுள்ள மினோசைக்ளின் பல்லைக் கறுப்பாக்கும், முன்பல்லுக்கு அது வேண்டாம்.

மேலே 3 முதல் 4 மி.மீ. தற்காலிக அடைப்பு. அடுத்த வருகை ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் புயல் மழையில் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு நாள் தள்ளிப்போகும். அதனால் அடைப்புக்கு, பல்லோடு ஒட்டும் சிமென்டான கிளாஸ் அயனோமரே நல்லது.

இரண்டாம் வருகையிலும் சீழ் இருந்தால் மருந்தை மாற்றி வைத்து அனுப்புங்கள். இல்லையென்றால், அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசி போடுங்கள். கலந்ததைப் போட்டால் இரத்தக்குழாய் சுருங்கி, நுனியில் எவ்வளவு குத்தினாலும் இரத்தம் சரியாக வராது. அன்று ஹைப்போகுளோரைட் வேண்டாம். 17 சதவீத ஈ.டி.டி.ஏ. (பல்லின் கால்சியத்தைக் கொஞ்சம் கரைக்கும் திரவம்) 20 மி.லி. போதும், பல்லின் சுவரில் அடைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை (செல்களை வளரத் தூண்டும் புரதங்கள்) அதுதான் விடுவிக்கிறது. உலர்த்தி, முனை வளைத்த கே ஃபைலை நுனிக்கு 2 மி.மீ. அப்பால் செலுத்திச் சுழற்றுங்கள். வரும் இரத்தத்தோடு ஸ்டெம் செல்களும் ஏறும். பல் கழுத்துவரை நிரம்பியதும் உறையவிட்டு, மேலே உடலில் கரையும் கொலாஜன் (புரதப் பஞ்சு) துண்டு, அதன்மேல் 3 மி.மீ. எம்.டி.ஏ. (ஈரத்தில் இறுகும் பல் சிமென்ட்), பிறகு கிளாஸ் அயனோமர். கொலாஜன் வைக்காமல் விட்டால் எம்.டி.ஏ. ஆழத்துக்கு இறங்கிவிடும்.

6, 12, 24 மாதங்களில் எக்ஸ்ரே. எலும்பு கரைந்ததைக் காட்டும் நுனியின் கருநிழல் 6 முதல் 12 மாதத்தில் மறையலாம். சுவர் தடிப்பதைப் பார்க்க ஓராண்டுக்கு மேலாகும். உள்ளே வளர்வது பெரும்பாலும் சிமென்டம் (வேரின் மேலுறை), எலும்பு போன்ற திசு, அசல் பல்கூழ் அல்ல. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்டெம் செல்லுக்காகப் பிள்ளையின் பால் பல்லைப் பணம் கட்டிச் சேமிக்கலாமா என்றும் கேட்பார்கள். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல், தொப்புள்கொடி இரத்தம் தவிர வேறெதையும் வணிக முறையில் சேமிக்க அனுமதிப்பதில்லை.