கலைவிழாவில் இருபது நிமிட நாடகம் போடுவது எப்படி?

மட்டக்களப்பில் பாடசாலைக் கலைவிழாவோ கோயில் திருவிழா நிகழ்ச்சியோ, நாடகத்துக்கு நேரம் கேட்டால் கிடைப்பது இருபது நிமிடம். அதுவும் ஒரு நடனத்துக்கும் ஒரு பாட்டுக்கும் நடுவில். விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய அவஸ்தைதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வோட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடையிலும் இதே கதை. ஒரே இரவில் எட்டு ஒன்பது நிகழ்ச்சிகள்: கம்பி வித்தை, நாய் வித்தை, பாட்டு, பகிடி, இடையில் ஒரு குட்டி நாடகம். அவர்கள் கையாண்ட தந்திரங்கள் நமக்கும் சரிவரும்.

முதலில் இடம். தொடக்க நிகழ்ச்சியாகப் போகவே போகாதீர்கள். சனம் வந்து கதிரை தேடும் நேரம் என்பதால், பேச்சே இல்லாத வித்தைகளைத்தான் அங்கே முதலில் விடுவார்கள். மூன்றாவதாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது திரை. முன் திரைக்கு வெளியே ஒருவர் பாடிக்கொண்டிருக்க, பின்னால் சத்தமில்லாமல் வீட்டுக் காட்சியை அடுக்கிவிடுவது வோட்வில் வழக்கம். உங்களுக்கு முன்னால் பாடுகிறவரிடம் பேசி வையுங்கள், திரைக்கு வெளியே நிற்கச் சொல்லி. திரையே இல்லையென்றால் கவலை வேண்டாம், கூத்து ஆடும் வட்டக்களரியில் என்ன பெரிய காட்சி அமைப்பு இருந்தது?

எழுதுவதில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். கூத்தில் ஒவ்வொருவருக்கும் களரிக்கு வரும்போது ஆடும் வரவு ஆட்டம் உண்டு, இங்கே அதற்கு நேரமில்லை. மூன்று நான்கு பாத்திரம், ஒரே இடம், ஒரே பொழுது. அண்ணன் வள்ளத்தை இரகசியமாக விற்றுவிட்டான் என்பது கதையென்றால், குடும்ப வரலாற்றை விட்டுவிட்டு, தம்பி தோளில் வலையோடு வந்து “வள்ளம் எங்க?” என்று கேட்கும் இடத்திலேயே தொடங்குங்கள். சுருக்கினால் சத்துப் போய்விடும் என்று பயப்படாதீர்கள், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நம்முடைய விடிய விடியக் கூத்தையே சுருக்கி மேடையேற்றினார்.

பின்வரிசைக்கு வசனம் கேட்காது, மைக் அப்படி. அதனால் உடம்பாலும் கதை சொல்லப் பழகுங்கள். 1913இல் நியூயோர்க்கின் பலஸ் என்ற வோட்வில் அரங்கில் பிரெஞ்சு நடிகை சாரா பேர்ணார்ட் தன் மொழியிலேயே நடித்தார், ஆங்கிலம் பேசும் சனம் வந்து பார்த்தது.

அப்புறம், ஒத்திகையில் மணிக்கூட்டை முன்னால் வையுங்கள், திரை இழுக்கிறவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். எங்கள் நாடகம் ஒன்றில் அந்தப் பொடியன் கச்சான் வாங்கப் போய்விட்டான், செத்துக் கிடந்த கதாநாயகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே எழும்பி உள்ளே போனார்.