மேற்கத்திய செவ்வியல் இசைத்தட்டுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

லண்டனில் 1923-இல் காம்ப்டன் மெக்கன்சி தொடங்கிய 'கிராமஃபோன்' போன்ற இதழ்களில் கருத்துக்கு முன்னால் விவரம் வரும்: இசையமைப்பாளர், படைப்பு, வாசித்தவர், நிறுவனம், தட்டு எண். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். விமர்சனங்கள் சறுக்குவது பெரும்பாலும் காது மந்தத்தால் அல்ல, தட்டில் என்ன இருக்கிறது என்று சரிபார்க்காததால்தான்.

முதலில் நேரம். பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை (ஆரியா என்ற ஒரு தொடக்க மெட்டும் அதன் மாறுபட்ட வடிவங்களும்) பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இல் சுமார் 38 நிமிடத்தில் முடித்தார். 1981-இல் 51 நிமிடம். இதை மட்டும் பார்த்து 'வயதானதும் நிதானமாகிவிட்டார்' என்று எழுதிவிடாதீர்கள். இருமுறை வாசிக்கும்படி குறித்த பகுதிகளில் எதையும் 1955-இல் அவர் திரும்ப வாசிக்கவில்லை. 1981-இல் சில வேரியேஷன்களின் முதல் பாதியை மட்டும் இருமுறை வாசிக்கிறார். வாசிப்பின் வேகத்தை ஒப்பிட, இரண்டிலும் ஒரே முறை வாசித்த தொடக்க ஆரியாவை எடுங்கள்: அன்று 1:53, பின்னர் 3:05. விகிதத்தில் பார்த்தால், வித்தியாசம் மொத்த நேரம் காட்டுவதைவிட அங்கே பெரிது.

அடுத்து, எந்தப் பதிப்பு? ஒரே படைப்பின் ஸ்கோரை (இசைக்குறிப்பு நூலை) வெவ்வேறு பதிப்பாசிரியர்கள் வெவ்வேறாக வெளியிட்டிருக்கலாம். இசையமைப்பாளர் ப்ரூக்னரின் எட்டாம் சிம்பொனியில் ஹாஸ் பதிப்பில் இருக்கும் சில பகுதிகள் நோவாக் பதிப்பில் கிடையாது. இது தெரியாமல் 'நடத்துநர் (ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்துபவர்) வெட்டிவிட்டார்' என்று குறை சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பதிப்பின் பெயர் தட்டோடு வரும் கையேட்டில் இருக்கும். பழைய படைப்புகளின் ஸ்கோர் ஐ.எம்.எஸ்.எல்.பி. (IMSLP) என்ற இணைய இசை நூலகத் தளத்தில் இலவசம்.

முதல் முறை ஸ்கோர் இல்லாமல் கேளுங்கள், இரண்டாம் முறை ஸ்கோரோடு. பிறகுதான் ஒப்பீடு, இரண்டு மூன்று பதிவுகள் போதும், பத்து வேண்டாம். ஒலி அளவைச் சமப்படுத்துவது இங்கே முக்கியம்: ஒரு டெசிபல் கூடினாலே அந்தப் பதிவு 'தெளிவாக' இருப்பதுபோல் காது ஏமாறும். ஆர்கெஸ்ட்ரா முழுதும் முழங்கும் ஒரே இடத்தை ஒவ்வொன்றிலும் ஓடவிட்டு, போனில் உள்ள டெசிபல் மீட்டரால் அளந்து சரிசெய்யுங்கள். அதன்பின் வால்யூமைத் தொடாதீர்கள். மென்மையான இடம் காதில் விழவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஒலி சமன்படுத்தும் வசதியையும், ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிட வேண்டும். பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதுக்குள் பாயும். அங்கே செயலி இரண்டையும் கலந்தாலும் அரை நொடி இடைவெளி நுழைத்தாலும் பழி நடத்துநர் மேல் விழும். வெட்டி ஒட்டிய இடமும் மூச்சுச் சத்தமும் ஹெட்போனில் பிடிபடும். வயலின்களுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் உள்ள சமநிலையை ஸ்பீக்கரில்தான் எடைபோட முடியும்.

எழுதும்போது வாழ்க்கை வரலாற்றை விடுங்கள், அது கையேட்டிலேயே இருக்கிறது. 'உருக்கமான வாசிப்பு' என்ற சொல்லால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. எந்த டிராக், எத்தனையாவது நிமிடம், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். கடைசியில், அதே படைப்பின் வேறு பதிவு வைத்திருப்பவர் இதையும் வாங்க வேண்டுமா என்பதற்கு நேரடியாகப் பதில் எழுதுங்கள். 'வேண்டாம்' என்பதும் பதில்தான்.