கலையும் மில்லும்: வேலி அளந்த கண்ணால் ஒரு விளக்கம்

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு, கனடாவில் இருக்கும் தங்கையின் மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். இரண்டும் இலக்குத் தாள். முதலாவதில் ஐந்து ஓட்டைகள் வட்டத்தின் நடுவுக்குக் கீழே 4 சென்ரிமீற்றர், வலப்பக்கம் 2 சென்ரிமீற்றர் தள்ளி. இரண்டாவதில் அதே கூட்டம் கொஞ்சம் மேலே வந்திருந்தது. "மாமா, நீங்கள் சேர்வேயர் எல்லே, துவக்கு ஸ்கோப்பில் வரும் இந்த எம்ஓஏ என்றால் என்ன? கணக்குப் பார்த்து ஸ்கோப்பின் திருகியை ஐந்து கிளிக் திருப்பினேன், பாதிகூட ஏறேல்லை." ஸ்கோப் என்பது துவக்கின் மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி. திருகியைத் திருப்பும்போது 'கிளிக்' என்று விழும் ஒவ்வொரு படிக்கும் குண்டு படும் இடம் கொஞ்சம் நகரும்.

அவன் லைசன்ஸ் எடுத்து, சனிக்கிழமைகளில் இலக்குச் சுடப் போகிறவன். எங்கள் ஊரில் துவக்கு என்ற சொல் விழுந்தாலே ஆட்கள் கதையை மாற்றிவிடுவார்கள். ஏன் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நானும் ஒரு துவக்கைத் தொட்டவன் அல்ல. ஆனால் அவன் கேட்டது கோணக் கணக்கு. அதில்தான் நாற்பது வருடம் நான் சோறு தின்றேன்.

எம்ஓஏ (minute of angle) என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கலைதான். ஒரு பாகைக்கு 60 கலை, முழு வட்டத்துக்கு 21,600 கலை. அவ்வளவு சின்னக் கோணம் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். நான் நினைத்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், கோணம் அளக்கும் வெர்னியர் தியோடலைட்டில் வெயில் பட்டுக் கண் கூச, 40 கலை என்று இருந்ததை 30 என்று எழுதிவிட்டேன். பத்துக் கலைதான் பிழை. எல்லையின் நீளம் 200 மீற்றர். அந்தக் கோட்டின் மறுநுனியில் கதியால் 58 சென்ரிமீற்றர் பக்கத்துப் பனங்காணிக்குள் போய் நின்றது. வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசும் ஊரில் 58 சென்ரிமீற்றர் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வீட்டுக்காரரும் கத்தியோடு வந்தது கதியால் வெட்ட மட்டும் அல்ல.

ஸ்கோப்பில் நடப்பதும் இதுதான். கோணம் மாறாது, தூரம் கூடக் கூட அது பிடிக்கும் அகலம் கூடும். ஒரு கலை 100 மீற்றரில் 2.9 சென்ரிமீற்றர், 50 மீற்றரில் அதில் பாதி, 1.45; 200 மீற்றரில் இரட்டிப்பு, 5.8. என் மருமகன் வழுக்கிய இடம் இது. அவன் சுட்டது 50 மீற்றரில். கணக்கில் போட்டது 100 மீற்றருக்கான 2.9. ஆகவேதான் திருப்பினதில் பாதிப் பலன்.

சரியான கணக்கு இப்படி: 4 சென்ரிமீற்றரை 1.45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.75 கலை. அவனுடைய ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் கலை. ஆகவே மேலே 11 கிளிக். இடப்பக்கம் 2 சென்ரிமீற்றருக்கு ஐந்தரை வரும். அரைக் கிளிக் கிடையாது, ஐந்தோ ஆறோ வைக்கலாம். திருகியில் மேல் என்று அம்புக்குறி இருந்தால் குண்டு படும் இடம் மேலே போகும் என்று அர்த்தம். குறுக்குக் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குழம்பவேண்டாம்.

தூரத்தை மீற்றரில் அல்லாமல் யார் (yard) கணக்கில் அளந்து சுடுகிறவர்கள், ஒரு கலை 100 யாருக்கு ஒரு அங்குலம் என்பார்கள். உண்மையில் 1.047 அங்குலம். கிட்டத்தில் அந்த மிச்சத்தை யாரும் உணரமாட்டார்கள். ஆனால் 1000 யாரில் 30 கலை ஏற்றுகிறவனுக்கு அது 14 அங்குலமாக நிற்கும்.

இனி மில். வட்டத்தின் ஆரை அளவுக்கு வில்லைப் பிடிக்கும் கோணம் ஒரு ரேடியன்; அதை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மில். வட்டத்தில் 6,283 மில் வரும். நேட்டோ படைகள் வசதிக்காக 6,400 என்று வைத்திருக்கின்றன, சோவியத் படைகள் 6,000 என்று வைத்திருந்தன. ஸ்கோப்பில் வருவது பெரும்பாலும் அந்தச் சுத்தமான ஆயிரத்தில் ஒன்றுதான். ஒரு மில் 3.44 கலைக்குச் சமம்.

மில்லைக் கையால் பிடித்துப் பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளத் தடி எடுங்கள், நுனியில் பிளாஸ்டிக் அடிமட்டத்தைச் செங்குத்தாக நூலால் கட்டுங்கள், மறுநுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வையுங்கள். அடிமட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஒரு மில். பேத்தியை ஒழுங்கையின் அந்தலையில் நிறுத்திப் பார்த்தேன். அவள் உயரம் ஒன்றரை மீற்றர். அடிமட்டத்தில் 15 கோட்டை மறைத்தாள். உயரத்தை மீற்றரில் எடுத்து 1000ஆல் பெருக்கி, மில்லால் வகுக்க 100 மீற்றர். அப்புறம் நாடா பிடித்து அளந்தால் 97. தடிக்கும் நூலுக்கும் அது போதும். வெயிலில் நின்றதற்கு அவளுக்கு ஒரு ஐஸ்கிறீம் செலவு.

மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் பொதுவாக 0.1 மில்: 100 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர், 50இல் அரை. மருமகனின் தாளை அதில் போட்டால் மேலே 8, இடப்பக்கம் 4. மனக்கணக்கிலேயே முடியும். மீற்றரில் அளக்கிறவனுக்கு மில்தான் சுகம் என்பது என் எண்ணம். பரப்பும் குழியும் ஏக்கரும் மாற்றி மாற்றி எழுதிச் சலித்தவன் சொல்கிறேன். ஆனால் கலையில் துல்லியம் குறைவு என்று ஒன்றும் இல்லை. கால் கலைக் கிளிக் 0.1 மில்லைவிடச் சின்னது. கண்ணாடிக்குள் இருக்கும் கோடுகள் மில்லாகவும் திருகி கலையாகவும் உள்ள ஸ்கோப்பை மட்டும் வாங்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் 3.44ஆல் பெருக்கிக்கொண்டு இருக்கவேண்டும்.

கோடும் திருகியும் ஒரே அலகில் இருந்தால் சென்ரிமீற்றரே தேவையில்லை. ஓட்டைக் கூட்டம் நடுவிலிருந்து எத்தனை கோடு தள்ளி என்று ஸ்கோப்புக்குள்ளேயே எண்ணி, அதையே திருப்பலாம். இதில் ஒரு கண்ணி உண்டு. சில ஸ்கோப்பில் உருப்பெருக்கம் கூட்டும்போது கோடுகளும் சேர்ந்து பெருக்கும். அவற்றில் எப்போதும் எண்ணலாம். மற்றவற்றில் கோடு அப்படியே நிற்கும். குறிப்பிட்ட ஒரு உருப்பெருக்கத்தில்தான், அநேகமாக உச்சத்தில், அதன் அளவு சரி. பாதிக்கு இறக்கினால் ஒரு கோடு இரண்டு கோட்டின் வேலை பார்க்கும். கிளிக்கின் அளவு மட்டும் எதிலும் மாறாது.

அடுத்த சனிக்கிழமை மருமகன் மேலே மிச்சம் ஆறு கிளிக், இடப்பக்கம் ஆறு கிளிக் திருப்பி, இன்னும் ஐந்து வெடி வைத்துப் படம் அனுப்பினான். நான்கு ஓட்டை நடு வட்டத்துக்குள். "மற்றது?" என்று கேட்டேன். "அது நான், மாமா." திருகியின் மூடியைத் தளர்த்தி, பூச்சியக் கோட்டை நேரே கொண்டுவந்து இறுக்கச் சொல்லிவிட்டு நித்திரைக்குப் போனேன்.