வீட்டுக் கோழி ரப்பர் மாதிரி ஆவதற்குக் கோழி மட்டும் காரணமில்லை

நான் முதன்முதலில் அறுத்துச் சமைத்த வீட்டுக் கோழியைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு வரும். காலையில் அறுத்து, பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றி, பன்னிரண்டுக்கெல்லாம் பரிமாறிவிட்டேன். மென்றவர்கள் மென்றுகொண்டே இருந்தார்கள். "முற்றின கோழி, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொன்னார்கள். நானும் நம்பினேன். சில வாரம் கழித்து அதே வயதுக் கோழி இன்னொன்றை அறுத்தபோது வேறு வேலை வந்துவிட்டதால், சுத்தம் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து மூன்றாம் நாள்தான் சமைத்தேன். அதே பாத்திரம், அதே இரண்டு மணி நேரம். இந்தமுறை சதை எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது.

அறுத்த கையோடு அடுப்பில் ஏற்றுவது

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

உயிர் போன பிறகும் தசைக்குள் கொஞ்ச நேரம் வேலை நடக்கிறது. தசைநார்கள் சுருங்கி விரிவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் பொருள் வேண்டும். ரத்த ஓட்டம் நின்றதும் அது தீர்ந்துபோகிறது. தீர்ந்ததும் நார்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அப்படியே பூட்டிக்கொள்கின்றன. கோழியின் உடல் விறைப்பது இதனால்தான். இறகு பிடுங்கி, குடல் எடுத்து, கழுவி முடிக்க நமக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதாவது, விறைப்பு ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் கோழியைப் பாத்திரத்தில் போடுகிறோம்.

பொறுத்திருந்தால், தசையிலேயே இருக்கும் நொதிகள் அந்த இறுக்கத்தை மெதுவாக அவிழ்த்துவிடும். இளங்கோழி என்றால் ஒரு நாள், முற்றியது என்றால் இரண்டு மூன்று நாள், 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பதம் பார்க்க எளிய வழி உண்டு: காலைப் பிடித்து மடக்கிப் பாருங்கள். மூட்டு தடையில்லாமல் ஆடினால் சரி, முரண்டு பிடித்தால் இன்னும் ஆகவில்லை.

ஃப்ரிட்ஜில் வைப்பதற்கு முன்பே உடல்சூடு இறங்க வேண்டும். சுத்தம் செய்த கோழியை ஐஸ் தண்ணீரில் முழுக்கி, ஐஸ் கரையக் கரையப் புதிதாகப் போட்டுக் குளிர வையுங்கள். வெளியே அப்படியே கிடந்தால் கறி மென்மையாவதற்குள் கிருமி பெருகிவிடும்.

இதே அவசரம் இன்னும் இரண்டு விதத்தில் வரும். ஒன்று, விறைப்பு தீரும் முன்பே நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து வெட்டி எடுப்பது. எலும்பு இழுத்துப் பிடித்திருந்த வரை சதை அதிகம் சுருங்கவில்லை. அந்தப் பிடி போனதும் சுருண்டு தடித்துவிடும். முழுக் கோழியாகவே வைத்திருந்து, சமைக்கும் நாளில் துண்டு போடுங்கள். இன்னொன்று, அறுத்தவுடன் ஃப்ரீசரில் தள்ளுவது. உறையும்போது எல்லாம் அங்கங்கே நின்றுவிடும், கரையும்போது விட்ட இடத்திலிருந்து விறைப்பு தொடரும். ஏற்கெனவே அப்படி உறைய வைத்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கரையவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு நாள் வைத்திருங்கள்.

துரத்திப் பிடிப்பது

முற்றம் முழுக்க ஓடவிட்டுப் பிடித்த கோழி, தசையில் இருந்த சேமிப்பையெல்லாம் அந்த ஓட்டத்திலேயே செலவழித்திருக்கும். அறுத்தபின் விறைப்பு சீக்கிரமே, உடல்சூடு இறங்கும் முன்பே வந்துவிடும், கறியும் அதற்கேற்ப இறுகும். முந்தின இரவு, அடைந்திருக்கும்போது சத்தமில்லாமல் எடுத்துத் தனிக்கூட்டில் விடுங்கள். அறுப்பதற்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். இரைப்பையும் குடலும் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது கிழிந்து கறியில் படும் ஆபத்து குறையும். பித்தப்பையில் மட்டும் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும்.

(மென்மைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று அந்த மருந்தின் சீட்டிலேயே போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.)

கொதிக்கும் தண்ணீரில் முக்குவது

இறகு சுலபமாக வர வேண்டும் என்று தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். தோல் கிழிகிறது, தோலுக்கு அடியில் உள்ள சதை அரைவேக்காடாகி இறுகுகிறது. 60 முதல் 65 டிகிரி போதும், முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். வால் இறகை இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

வயது பார்க்காமல் சமைப்பது

கறிக்கோழி ஆறு முதல் எட்டு வாரத்தில் சமையலுக்கு வந்துவிடும். மெதுவாக வளரும் இனங்களுக்கு நாலைந்து மாதம் ஆகும். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைக்கு ஒன்றரை இரண்டு வயதுகூட இருக்கலாம். வயது தெரியாவிட்டால் நெஞ்செலும்பின் பின் நுனியை அழுத்திப் பாருங்கள். குருத்தெலும்பாக வளைந்தால் இளசு, கெட்டியாக நின்றால் முற்றியது. சேவலுக்குக் கால் முள் நீண்டிருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

வயது ஏற ஏற, தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும். அவை கரைந்து ஜெலட்டின் ஆவதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். ஆகவே முற்றின கோழியை வறுக்கவோ சுடவோ எடுக்காதீர்கள். மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, குமிழி எப்போதாவது ஒன்று எழும்புகிற சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். தீயைக் கூட்டினால் நார்கள் மேலும் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நாற்பது நிமிடத்தில் எடுத்துக் கடித்துப் பார்த்தால் முற்றின கோழி படுமோசமாக இருக்கும். நார்கள் சுருங்கியாயிற்று, கொலாஜன் இன்னும் கரையவில்லை. "அதிகமாக வெந்துவிட்டது போல" என்று பலர் அப்போதே இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது பாதி தூரம்கூட வரவில்லை.

இளங்கோழிக்கு எல்லாம் தலைகீழ். நெஞ்சுக்கறியின் நடுவில் வெப்பமானியைக் குத்தி, 74 டிகிரி காட்டியதும் இறக்குங்கள். நுனி எலும்பில் பட்டால் கணக்கு தவறும். ஓடித் திரிந்த கோழியின் தொடைக்கறி இயல்பாகவே கருஞ்சிவப்பாக இருக்கும். நிறத்தைப் பார்த்து வேகவில்லை என்று நினைத்து மேலும் மேலும் வேக வைத்தால் நெஞ்சுக்கறி பஞ்சாகிவிடும். குக்கரும் அப்படித்தான்: கிழட்டுக் கோழிக்கு நல்ல துணை, இளசை நார்நாராக்கிவிடும்.

ஊற வைப்பதை மட்டுமே நம்புவது

தயிரும் எலுமிச்சையும் மேல்பரப்போடு நின்றுவிடும். பப்பாளிக்காய் வேலை செய்யும், ஆனால் கொஞ்சம் கூடினால் வெளிப்பக்கம் கூழாகி உள்ளே பழையபடியே இருக்கும். உள்ளே இறங்குவது உப்புதான். உப்பை முதலில் போட்டால் கறி வேகாது என்பார்கள். கோழிக்கு அது பொருந்தாது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் உப்பைத் தடவி, கடைசி இரவு ஃப்ரிட்ஜில் இருக்கவிட்டால் வேகும்போது சதை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சமைக்கும்போது அந்த உப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முற்றின கோழியை வேக வைத்து முடித்தபின் உடனே தண்ணீரிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சூடாக வெளியே வந்தால் ஆவி பறந்து காய்ந்துபோகும். அடுப்பை அணைத்து, அந்தச் சாற்றிலேயே அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் சதையை உதிர்த்து எடுங்கள்.